பிய்யமும் அரிசியும்

கேள்வி: வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் பேசுகிறோம். இரண்டு மொழி பேசினால் மூளைக்கு நல்லதாமே? (வாசகி, ஓசூர்)

பதில்: ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் மறதிநோய்க்கு வந்த 648 பேரை டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இருமொழிக்காரர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. படிப்பின் பலன் என்று தள்ளிவிடவும் முடியாது; எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் இருந்தது.

கடையில் ‘அரிசி’ என்று வாயெடுக்கும்போதே உள்ளே தெலுங்கின் ‘பிய்யமு’ம் எழுந்து நிற்கும். அதை உட்காரவைப்பதே மூளைக்கு ஓயாத பயிற்சி என்பது ஒரு விளக்கம். (உப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டிலும் உப்புதான்!) ஆனால் நோயே வராது என்று அர்த்தமில்லை. வேறு சில ஆய்வுகளில் இந்தப் பலன் தென்படவும் இல்லை. கன்னடமும் சேர்ந்தால் கூடுதல் லாபமா? ஹைதராபாத் ஆய்வில் மூன்றாவது மொழிக்குத் தனிப் பலன் தெரியவில்லை.