மீன் தொட்டி சொல்லும் வியாபாரப் பாடம்

நமது ஆட்டையாம்பட்டி முறுக்குக்குப் பேர் பெற்றது. போர் தண்ணீருக்கு அல்ல. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அந்தக் கடினத் தண்ணீர் ஒரு மீனுக்கு உகந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், பாறை இடுக்குகளில் வாழும் 'ம்புனா' மீனே அது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'மலாவி சிச்லிட்' என்று கேட்டு வாங்கலாம்.

தொட்டி 4 அடி நீளம் வேண்டும். பாறைகளை அடித்தளத்திலேயே அசையாமல் அடுக்கிவிட்டு, பிறகு மணல் போட வேண்டும். மணல்மேல் அடுக்கினால், மீன் தோண்டத் தோண்டப் பாறை சரிந்து கண்ணாடி உடையும். ஆண்கள் இடத்துக்குச் சண்டையிடும். ஆகவே ஓர் ஆணுக்கு 3 பெண் வீதம் விடவும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றவும்.

நாம் ஏமாந்தது தீனியில். பாறைப் பாசியை மேயும் மீனுக்கு, ஆசையாக வருகிறதே என்று தினமும் புழுவை அள்ளிப் போட்டோம். வயிறு உப்பி ஒவ்வொன்றாகச் செத்தன; போட்ட முதல் போயிற்று. இப்போது சுருள்பாசித் தீனியும் வேகவைத்த கீரையும், 2 நிமிடத்தில் தின்று தீரும் அளவே போடுகிறோம்.

வியாபார அன்பர்களே! கடனும் இந்தத் தீனி போலத்தான். கேட்கும் அளவு அல்ல, தாங்கும் அளவே கொடுக்க வேண்டும்.