நரைத்த நீலம்

பெருநாளுக்குத் தம்பி கேட்டது நரைத்த ஜீன்ஸ். பழையதையே நான் நரைக்க வைத்தேன்.

டெனிமில் பாவு நூல் நீலம், ஊடு நூல் வெள்ளை. நீலச்சாயம் பாவு நூலின் உள்வரை இறங்காது, மேலாகவே படியும். ஆகவே முழங்காலுக்குள் பலகை வைத்து, முற்றத்தில் வாயை மூடிக்கட்டிச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் வெண்மை தெரியும். கிழிசல் வேண்டுமென்றால் குறுக்காக இரண்டு வெட்டு. இடையிலுள்ள நீல நூல்களை ஊசியால் உருவினால் வெள்ளை நூல் மிஞ்சும். அவ்ரத் மறைய உட்புறம் துணி தைத்தேன். பிளீச் ஊற்றவில்லை, நயினாதீவில் நன்னீர் அருமை.

தொழிற்சாலைகளில் மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி நரைப்பதுண்டு. அத்தூசு நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ்; மாறாத நோய். இளம் தொழிலாளர் பலரை இழந்த துருக்கி 2009இல் அம்முறையைத் தடைசெய்தது.

தம்பிக்கு இதையும் சொல்லித்தான் உடுப்பைக் கொடுத்தேன்.