சாறும் சக்கையும்

முன்னுரை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிற்கு ஒரு புதிய விருந்தாளி வந்து சேர்ந்தது. மின்சாரத்தால் இயங்கும் சாறு பிழியும் பொறிதான் அது. 'ஜூஸர்' என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். காய்ச்சலில் படுத்து எழுந்த எங்கள் ஆச்சிக்குத் தெம்பு வரவேண்டும் என்று அப்பா அதை வாங்கி வந்தார். ஆச்சிக்குப் பற்கள் அதிகம் இல்லை. கடித்துத் தின்ன முடியாதவருக்குச் சாறு நல்லதுதானே என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். பொறியை இயக்கும் பொறுப்பை நான் விரும்பி ஏற்றுக்கொண்டேன். அதனுடன் பழகியதில் நான் கற்றுக்கொண்ட பாடங்கள் பல. அவற்றுள் ஒன்றைக் கண்ணீருடன்தான் கற்றுக்கொண்டேன். அவற்றையெல்லாம் உங்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறி வேலை செய்யும் விதம்

ஜூஸரின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சல்லடைக் கூடை இருக்கும். அதன் அடித்தட்டில் தேங்காய்த் துருவியைப் போலச் சிறு சிறு பற்கள் உண்டு. மோட்டார் ஓடும்போது இக்கூடை நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது. மேலிருந்து நாம் போடும் காரட்டைப் பற்கள் துருவிவிடுகின்றன. துருவல் கூடையின் ஓரத்திற்கு வீசப்படுகிறது. அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் மையவிலக்கு விசை இதுவேயாகும். துணி துவைக்கும் இயந்திரம் ஈரத்துணியிலிருந்து நீரைப் பிரிப்பதும் இம்முறையில்தான். சாறு சல்லடைக் கண்கள் வழியே வெளியேறிப் பாத்திரத்தில் விழுகிறது. சக்கை மறுபுறம் உள்ள தொட்டியில் போய்ச் சேர்கிறது.

மெதுவாகப் பிழியும் இன்னொரு வகைப் பொறியும் கடைகளில் கிடைக்கிறது. அதில் திருகு போன்ற ஓர் உருளை மெல்லச் சுழன்று பழத்தை நசுக்கும். வேகமாகச் சுழலும் பொறியைவிட இதில் சாறு சற்று அதிகமாகக் கிடைக்கும். ஆனால் விலை கூடுதல், நேரமும் அதிகம் ஆகும்.

இவ்விரண்டும் இல்லாத வீடுகளும் கவலைப்பட வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி வழங்கத் தொடங்கிய பிறகு, மிக்ஸி இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. நறுக்கிய காயை மிக்ஸியில் அரைத்து, சுத்தமான வெள்ளைத் துணியில் பிழிந்தால் அதுவும் சாறுதான்.

சாறு எடுக்கும் முறை

முதலில் பழங்களையும் காய்களையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தோலைச் சீவப் போகிறோமே என்று கழுவாமல் விடக்கூடாது. தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டு போய்விடும். ஆரஞ்சு, சாத்துக்குடி ஆகியவற்றின் தோலையும் விதையையும் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாறு கசக்கும். ஆப்பிளின் விதைகளைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அவை நசுங்கினால் நஞ்சாக மாறும் ஒரு பொருள் அவற்றில் உண்டு.

காரட், பீட்ரூட், ஆப்பிள், வெள்ளரிக்காய், அன்னாசி போன்றவை ஜூஸருக்கு ஏற்றவை. வாழைப்பழம், சப்போட்டா, மாம்பழம், பப்பாளி போன்ற சதைப்பற்றுள்ள பழங்களைப் போட்டால் சல்லடைக் கண்கள் அடைத்துக்கொள்ளும். முதல் வாரத்திலேயே நான் மாம்பழத்தைப் போட்டு, சல்லடையைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து போனேன். இவ்வகைப் பழங்களுக்கு மிக்ஸியே சரி.

துண்டுகளைத் தள்ளுவதற்கென்று பொறியுடன் ஒரு தள்ளுகட்டை கொடுத்திருப்பார்கள். அதைக் கொண்டே தள்ள வேண்டும். விரலையோ கரண்டியையோ ஒருபோதும் உள்ளே விடக்கூடாது. ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது. கூடை முழுவதும் நின்ற பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மோட்டாரை இடைவிடாமல் ஓட்டாமல் நடுநடுவே ஓய்வு கொடுத்தால் நீண்ட நாள் உழைக்கும். வேலை முடிந்தவுடன், மின் இணைப்பை எடுத்துவிட்டுச் சல்லடையைத் தூரிகையால் கழுவிவிட வேண்டும். காய்ந்த சக்கை கல்லைப் போல ஒட்டிக்கொள்ளும். அதில் கிருமிகளும் பெருகும்.

ஒரு கிலோ காரட்டிலிருந்து எங்கள் பொறியில் எனக்கு ஏறத்தாழ 400 மில்லி லிட்டர் சாறு கிடைத்தது. காரட்டில் நூற்றுக்கு 88 பங்கு நீர்தான் என்று படித்திருந்த எனக்கு இது வியப்பாக இருந்தது. எஞ்சிய சாறெல்லாம் சக்கையிலேயே தங்கிவிடுகிறது.

உடனே பருக வேண்டும்

நறுக்கிய ஆப்பிள் சிறிது நேரத்தில் பழுப்பு நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். பழத்தில் உள்ள ஒரு நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து செய்யும் வேலை அது. சாறு எடுக்கும்போது பழத்தின் ஒவ்வொரு துகளும் காற்றில் படுவதால் இம்மாற்றம் விரைவாக நடக்கிறது. வைட்டமின் 'சி' சத்தும் காற்றுப் பட்டால் குறைந்துகொண்டே போகும். சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் மாறுவது தாமதப்படும். ஆயினும் பிழிந்தவுடன் பருகுவதே சிறந்தது. காய்ச்சாத சாற்றில் கிருமிகள் எளிதில் வளரும் என்பதையும் மறக்கக்கூடாது. பனிக்கட்டி போட விரும்பினால், கொதிக்கவைத்து ஆறிய நீரில் வீட்டிலேயே செய்த கட்டியைப் போடுவது நல்லது.

ஆச்சியின் டம்ளர்

இனி, நான் கண்ணீருடன் கற்ற பாடத்தைச் சொல்கிறேன். நாள்தோறும் காலையில் இரண்டு காரட், ஒரு பீட்ரூட், ஓர் ஆப்பிள் ஆகியவற்றைப் பிழிந்து, ஒரு கரண்டி தேனும் கலந்து, பெரிய டம்ளர் நிறைய ஆச்சிக்குக் கொடுத்து வந்தேன். "என் பேத்தி கையால் குடிக்கிறேன், எனக்கு என்ன குறை!" என்று ஆச்சியும் மகிழ்ந்து குடித்தார். ஆச்சிக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆனாலும் காயும் பழமும்தானே, இனிப்புப் பண்டம் இல்லையே என்று எண்ணினோம்.

ஒரு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்தபோது, முன்பு 170 இருந்த சர்க்கரை அளவு 250-ஐத் தாண்டியிருந்தது. மருத்துவர், "புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் பாட்டி?" என்று கேட்டார். ஆச்சி என்னைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல், "ஒன்றும் இல்லை ஐயா" என்றார். நான்தான் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் அடைத்துவிட்டது. மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அன்பாகத்தான் கொடுத்தாய் அம்மா. ஆனால் நல்லதில் பாதியைச் சக்கைத் தொட்டியில் போட்டுவிட்டு, மீதியைக் கொடுத்திருக்கிறாய்" என்றார்.

சக்கையில் இருப்பது என்ன?

வீட்டிற்கு வந்ததும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு டம்ளரில் காய், பழங்களின் சர்க்கரை மட்டுமே 25 கிராமுக்குக் குறையாது. தேனையும் சேர்த்தால் ஆறேழு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். சக்கையுடன் போய்விட்டதோ ஏறத்தாழ 10 கிராம் நார்ச்சத்து.

நார்ச்சத்து நமக்குச் செரிப்பதில்லை. ஆனால் அது வயிற்றில் இருக்கும்போது சர்க்கரை மெதுவாகவே இரத்தத்தில் கலக்கிறது. பசியும் அடங்குகிறது. ஓர் ஆரஞ்சைத் தின்றால் போதும் என்று தோன்றும். சாறாக்கினால் மூன்று ஆரஞ்சை ஒரே மூச்சில் குடித்துவிடுவோம். 1977-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள், பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், கூழாகவும், நார் நீக்கிய சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளைத் தின்பதைவிடப் பதினொரு மடங்கு விரைவில் சாற்றைக் குடிக்க முடிந்தது. உடலில் இன்சுலின் சுரப்பும் சாறு குடித்தபோது அதிகமாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் நாம் குறைக்க வேண்டிய சர்க்கரையின் கணக்கிலேயே சேர்த்துள்ளது. முழுப் பழத்தில் உள்ளதை அவ்வாறு சேர்க்கவில்லை. பழம் ஒன்றுதான். ஆனால் முழுதாக உண்பதற்கும் சாறாகக் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள்!

கசக்கும் சுரைக்காய்

ஆச்சியின் செய்தியைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அத்தை, "இனிப்புச் சாறு வேண்டாம், வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு கொடுங்கள், சர்க்கரை இறங்கிவிடும்" என்று அன்புடன் சொன்னார். நானும் சுரைக்காயை நறுக்கிப் பொறியில் போடப் போனேன். அம்மா தடுத்து, ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து உடனே துப்பிவிட்டார். வேம்பைப் போல் கசந்தது. முழுக் காயையும் குப்பையில் போட்டுவிட்டோம்.

பள்ளி திறந்ததும் எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சுரைக்காய், வெள்ளரி முதலியவற்றின் குடும்பத்தில் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு சில காய்களில் மிகுந்துவிடுவதுண்டு என்றும், 2010-ஆம் ஆண்டில் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒருவர் உயிரிழந்தார் என்றும் அவர் கூறியபோது என் உடல் நடுங்கியது. அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழு சில அறிவுரைகளை வழங்கியது. சாறு எடுக்குமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் எறிந்துவிட வேண்டும். வேறு சாறுகளுடன் கலக்கக் கூடாது. குடித்தபின் வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாகற்காய்ச் சாற்றுடன் கலந்தால் சுரைக்காயின் கசப்பு தெரியாமலே போய்விடும் என்பதை எண்ணிப் பாருங்கள். சமைப்பதற்கும் கசந்த காய் ஆகாது.

சாறே வேண்டாமா?

அப்படியானால் ஜூஸரைப் பரணில் ஏற்றிவிடலாமா? தேவையில்லை. யாருக்கு, எது, எவ்வளவு என்று அறிந்து கொடுத்தால் சாறு நல்ல துணையே.

நம் வயதுப் பெண்களுக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. 2019–21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பீட்ரூட் குடித்தால் இரத்தம் ஊறும் என்று பலர் நம்புகின்றனர். பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறமியே. அதில் இரும்புச்சத்து குறைவு. மாறாக, கீரையும் பயறும் உண்ணும் வேளையில் சர்க்கரை சேர்க்காத நெல்லிக்காய்ச் சாற்றையோ எலுமிச்சைச் சாற்றையோ சிறிது பருகினால், வைட்டமின் 'சி'யின் உதவியால் அவ்வுணவின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். காரட்டின் சத்து கொழுப்புடன் சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும். ஆகவே காரட் சாற்றை உணவுடன் பருகலாம்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குச் சாறு வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சாற்றையும் குடிக்கக்கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு சிறிய டம்ளர் போதும்.

சக்கையையும் வீணாக்காதீர்கள். எங்கள் வீட்டில் காரட் சக்கையைச் சப்பாத்தி மாவிலும் அடை மாவிலும் சேர்க்கிறோம். ஆரஞ்சுச் சக்கை செடிகளுக்கு உரமாகிறது.

முடிவுரை

இப்போது ஆச்சிக்குக் காரட்டை வேகவைத்து மசித்துக் கொடுக்கிறேன். மருத்துவர் சொன்ன அளவில் கனிந்த பப்பாளித் துண்டும் உண்டு. இரண்டும் பல் இல்லாமலே மெல்லக்கூடியவை. சென்ற மாதம் சர்க்கரை அளவு பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் ஆச்சி சில நாள் என்னைப் பார்த்து, "உன் டம்ளர் எங்கே?" என்று கேட்டுச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன்.

'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இறைவன் பழத்தைப் படைத்தபோது சாற்றையும் நாரையும் சேர்த்தே படைத்தார். அவற்றைப் பிரிக்கும் பொறியை நாம் செய்துகொண்டோம். அதைப் பயன்படுத்துமுன் ஒரு நொடி நின்று சிந்திப்பதும் நம் கடமையே. நாம் அன்பு செய்பவர்களுக்கு நன்மை செய்ய அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். அந்த அறிவைத் தேடித்தானே தோழிகளே, நாம் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறோம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி