முதுகுத்தண்டிலிருந்து தொடங்கு

ராயபுரம்,
ஞாயிறு இரவு.

அன்பு மகனுக்கு, பெரியப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படத்தை நானும் பெரியம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். வெள்ளையும் செவலையுமாக, மயிர் எடுக்காத முழு மாட்டுத்தோல். திருவொற்றியூர் வீட்டு ஹாலில் மாட்டப்போவதாகவும், சுற்றிலும் ஆணி அடித்து இழுத்துக் கட்டினால் தட்டையாக நிற்குமா என்றும் கேட்டிருக்கிறாய். நிற்காது. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஆணி விஷயம். காசிமேட்டில் நாங்கள் குடியிருந்தபோது ஒரு ஆட்டுத்தோலை ஆசையாகச் சுவரில் அறைந்தேன். சாதாரண இரும்பு ஆணி. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் அது. ஐப்பசி மழை ஓய்ந்து பார்த்தால், ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்னங்கரேல் என்று வட்டம். துரு என்றுதான் முதலில் நினைத்தேன். துரு இல்லை. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் எழுதுகிற மையையே அப்படித்தான் செய்தார்கள். என்ன தேய்த்தும் போகவில்லை. கடல் காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் கசியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருகாணி எதுவானாலும் எஸ்.எஸ். வாங்கு, இல்லாவிட்டால் பித்தளை.

இரண்டாவது, உன் தோல் என்ன பதம் என்று தெரிந்துகொள். ஓரத்தில் வெட்டுவாயைப் பார். உள்ளே நீலச் சாம்பல் நிறம் ஓடினால் குரோம் பதம். பழுப்பாக இருந்தால் பட்டை பதம். வெள்ளை வெளேரென்று இருந்தால் படிகாரமாக இருக்கலாம், அதில் தண்ணீரே படக்கூடாது, பதம் கரைந்துவிடும். குரோம் ஈரத்தைத் தாங்கும், பூஞ்சை சுலபத்தில் பிடிக்காது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். ஆனால் அதே குரோமும் உப்பும்தான் பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது. அதற்காகப் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, நான் வேலை பார்த்த தோல் மண்டியில் நாங்கள் யாரும் சாப்பிட எழுந்திருக்கவில்லை. நம் வீட்டுச் சோறும் அந்தத் தொழிலில் வந்ததுதான் என்பதை நான் மறப்பதில்லை.

இப்போது தட்டையாக நிற்பது. தோல் துணி இல்லை. முதுகுத்தண்டு ஓரம் நெருக்கமாக, இறுகி இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும். நீ தோலைத் திருப்பிக் காட்டாமலே சொல்கிறேன், கழுத்தில் குறுக்கே நாலைந்து மடிப்பு இருக்கும், கை வைத்தால் விரலுக்குத் தட்டும். அது மாடு குனிந்து குனிந்து மேய்ந்த மடிப்பு, போகாது, போக்கவும் முயலாதே. வயிறு ஈரத்தைக் குடித்து விரியும், வெயிலில் சுருங்கும். கத்திரி வெயிலில் இழுத்து அடித்தால் ஐப்பசியில் தொளதொளவென்று தொங்கும். ஐப்பசியில் இழுத்து அடித்தால் கத்திரியில் ஆணி இருக்கும் இடத்தில் கிழியும். ஆகவே அசைய இடம் விட்டு மாட்ட வேண்டும்.

செய்கிற விதம் இது. தோலை மயிர்ப் பக்கம் கீழே வைத்துத் தரையில் விரி. மடித்து வந்த கோடுகளின் மேல் பலகை வைத்து, அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்று. ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும், மின்விசிறி ஓடட்டும். அயர்ன் பாக்ஸை மட்டும் கிட்டே கொண்டுபோகாதே. பட்டை பதத் துண்டைக் கொதிநீரில் போட்டால் கண்ணெதிரே சுருண்டு கட்டையாகிவிடும், நான் பார்த்திருக்கிறேன். பிறகு சதைப் பக்கம் காடாத் துணி வைத்து டெய்லரிடம் தைத்து வாங்கு. அந்தத் துணியின் மேல் வெல்க்ரோ பட்டை: நடு முதுகில் நீளமாக ஒன்று, கழுத்தில் ஒன்று, நாலு கால் பக்கமும் ஒவ்வொரு சாண். சுவரில் ஒரு அங்குல ரீப்பர் அடித்து, அதன்மேல் மரைன் பிளை, தோலின் வடிவத்துக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளி வெட்டியது. வெல்க்ரோவின் மறுபாதி பிளையில். முதலில் முதுகுக் கோட்டை நேராக ஒட்டு. அடுத்து கழுத்து. கால்கள் அப்புறம். வயிற்றைக் கடைசியில், கையால் நீவி மட்டும் விடு, இழுக்காதே.

ரீப்பர் எதற்கென்றால் பின்னால் காற்றுப் போக. கடலைப் பார்த்த கிழக்குச் சுவரும், பாத்ரூமை ஒட்டிய சுவரும் வேண்டவே வேண்டாம். மற்ற சுவரிலும் ஒரு முழ பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்தால் அந்தச் சுவர் ஓதம் காக்கிறது. எண்ணூர்ச் சாம்பல் உங்கள் ஜன்னலில் படிவது போலத் தோலிலும் படியும். மாதம் ஒருமுறை கழற்றி, மொட்டைமாடி நிழலில் தட்டி, மயிர் படிந்த திசையிலேயே பிரஷ் போடு. மயிர் கொத்தாக உதிர்ந்தால் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைப் பார்த்துவிட்டு யாராவது மான் தோல் தருகிறேன், பழைய புலித்தோல் இருக்கிறது என்று வருவார்கள். சும்மா கொடுத்தாலும் வாங்காதே. 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டம், வீட்டில் வைத்திருந்தாலே ஜெயில்.

உன் அம்மா செத்த தோல் வீட்டுக்கு ஆகாது என்கிறாளாம். அவளிடம் சண்டை போடாதே. வாரா வாரம் அவள் போய் நிற்கும் தியாகராஜர் கோயில் சாமி இடுப்பில் கட்டியது என்ன, வழுவூரில் அவர் போர்த்திக்கொண்டது என்ன என்று நான் கேட்டுக்கொள்கிறேன். தோல் நமக்குப் புதிதும் இல்லை. 1856-ல் நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து முதல் ரயில் போனது வாலாஜா ரோட்டுக்கு. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் பதனிட்ட தோல் அந்தத் திசையிலிருந்துதான் மதராஸ் துறைமுகத்துக்கு வந்து கப்பல் ஏறியது. அதைச் சுமந்தவர்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஒருத்தன் உட்கார மாட்டான். உன் தாத்தா அந்த வேலை முடிந்து வந்து, தெருக்குழாயில் சீயக்காய் போட்டு இரண்டு முறை குளித்த பிறகுதான் எங்களைத் தூக்குவார். அவர் கை பட்ட தோல் எந்தெந்த ஊர் வீடுகளில் இருக்கிறதோ, நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் உன் படத்தைப் பார்த்ததும் பெரியம்மா அழுதாள்.

படத்தில், மாட்டின் வலது தொடையில் ஒரு சூட்டுத் தழும்பு தெரிகிறது. அதை மறைக்கிற மாதிரி எதையும் பக்கத்தில் வைக்காதே. பிளை வெட்டுவதற்கு முன்னால் அளவை எனக்கு அனுப்பு. அடுத்த ஞாயிறு காலை வருகிறேன். கழுத்துப் பக்கம் பிடிக்க உன் அம்மாவைக் கூப்பிடு, முதுகுக் கோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
பெரியப்பா