ஷெட்லாண்ட் கரைநடை: ஜூன், ஜூலைக்கான குடும்ப ஆலோசனை

காலம்: ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் முதல் வாரம் வரை
யாருக்கு: பிள்ளைகளையோ பெரியவர்களையோ அழைத்துக்கொண்டு போகும் குடும்பங்களுக்கு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, 60 பாகை அட்சரேகையில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள்தான் ஷெட்லாண்ட். மக்கள் வாழ்வது பதினைந்து, பதினாறு தீவுகளில். மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 23,000. இந்தக் கோடையில் அங்கே நடக்கப் போகிறவர்கள் இரண்டைக் கவனித்தால் போதும்: பஃபின் பறவைகள் கிளம்பும் தேதியும் அன்றன்றைய காற்றின் திசையும். முதலாவதை வைத்துப் பயணத்தை முடிவு செய்யுங்கள். இரண்டாவதை வைத்து ஒவ்வொரு நாளும் எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்.

தேதியை இந்த வாரமே முடிவு செய்யுங்கள்

ஆரஞ்சு அலகுள்ள பஃபின் ஏப்ரலில் கடலிலிருந்து கரையேறும். புல்சரிவில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடும். ஜூனிலும் ஜூலையிலும் குஞ்சுக்கு இரை கொண்டுவருவதற்காக, அலகு நிறையச் சின்ன மீன்களைக் கவ்விக்கொண்டு ஓயாமல் பறந்துகொண்டிருக்கும். ஜூலைக் கடைசியில் கூட்டம் குறையத் தொடங்கி, ஆகஸ்ட் முதல் வாரம் கழிந்தால் சரிவுகள் ஏறக்குறைய வெறிச்சோடிவிடும்.

ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு ஜூன் கடைசியிலேயே விடுமுறை தொடங்கிவிடுவதால் அங்குள்ளவர்களுக்கு அவசரமில்லை. இங்கிலாந்தில் ஜூலைப் பிற்பகுதியில்தான் பள்ளி மூடும். லண்டனிலும் பர்மிங்காமிலும் இருக்கும் நம் குடும்பங்கள் பள்ளி மூடிய கையோடு கிளம்பினால் பஃபினைப் பார்க்கலாம். ஆகஸ்ட் நடுவில் போகலாம் என்று தள்ளிப்போட்டால் கரை இருக்கும், பஃபின் இருக்காது.

அபர்டீனிலிருந்து லெர்விக் துறைமுகத்துக்கு இரவுக் கப்பல் போகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில நாள்களில் ஆர்க்னியில் நின்று போவதால் இன்னும் கூடும். கோடையில் படுக்கை அறைகளும் கார் இடங்களும் சீக்கிரம் நிரம்பிவிடும். விமானத்தில் போகிறவர்கள் வாடகைக் காரை இப்போதே சொல்லிவையுங்கள். நடைபாதைகள் பலவற்றுக்குப் பேருந்தை மட்டும் நம்பிப் போவது பிள்ளைகளோடு சிரமம்.

காலையில் காற்றைப் பாருங்கள்

இங்கே மரங்கள் அரிது. மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க இடம் கிடையாது. ஐந்து கிலோமீட்டர் சமதள நடைகூட எதிர்க்காற்றில் பிள்ளைகளைக் களைப்பாக்கிவிடும். ஆனால் தீவில் எங்கே நின்றாலும் கடல் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும். ஒரு கரையில் காற்று அடித்தால் காரைத் திருப்பி மறுகரைக்குப் போய்விடலாம். ஆகவே நாளுக்கு ஓர் இடம் என்று முன்கூட்டியே அட்டவணை போடாதீர்கள். மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று என இரண்டு நடைகளைக் கைவசம் வைத்திருங்கள்.

• மேல்காற்று பலமாக அடித்தால் கிழக்குக் கரைக்குப் போங்கள்.
• கீழ்காற்றோடு கடல்மூடுபனி வந்தால் மேற்கே போங்கள். கிழக்கில் பத்தடி தெரியாத நாளிலும் மேற்கில் வெயில் அடிப்பதுண்டு.
• வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் மணிக்கு 30 மைலைத் தாண்டினால், எந்தத் திசையானாலும் பாறை உச்சிகளைத் தவிருங்கள்.

எங்கே நடப்பது?

*சம்பரோ முனை (தெற்குக் கோடி).* முதல் நடைக்கு இதுவே ஏற்றது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒரு சிறிய ஏற்றம்தான். ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய அந்த விளக்கம் 1821 முதல் நிற்கிறது. பாதையோரக் கற்சுவருக்கு அப்பால் சில அடி தூரத்திலேயே பஃபின் வளைகள் இருக்கும். மாலையில் பறவைகள் கரைக்குத் திரும்புவது கூடும், வேன்களில் வந்த கூட்டமும் கலைந்திருக்கும். படம் எடுப்பதற்காகக் குழந்தையைச் சுவர்மேல் உட்கார வைக்காதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை. வழியில் விமான நிலைய ஓடுபாதையைச் சாலையே குறுக்கே கடக்கிறது. தடுப்பு இறங்கினால் விமானம் போகும்வரை நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது இலவச வேடிக்கை.

*செயின்ட் நினியன் தீவு (தென்மேற்கு).* இரு பக்கமும் கடல், நடுவே சுமார் அரை கிலோமீட்டர் வெண்மணல் பாலம். அதைக் கடந்தால் பழைய தேவாலயத்தின் இடிபாடு. 1958-இல் அங்கே நடந்த அகழாய்வில் உதவிக்கு வந்த பள்ளி மாணவன் ஒருவன், கல்லுக்கு அடியில் புதைந்திருந்த வெள்ளிப் பொருள்களைக் கண்டெடுத்தான். அசல் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகல்களை லெர்விக்கில் பார்க்கலாம். கோடையில் மணல் பெரும்பாலும் நீருக்கு மேலேயே இருக்கும். ஆனாலும் புயலுக்குப் பின்னும் பெருவேலியேற்ற நாளிலும் நேரம் பார்த்துப் போங்கள். சிறுபிள்ளைகளோடு இடிபாடு வரை போய்த் திரும்பினால் போதும். தீவின் மேற்கு விளிம்பு வேலியில்லாத பாறை.

*மூசா தீவு (கிழக்கு).* சாண்ட்விக்கிலிருந்து படகு. முன்பதிவு வேண்டும். ஈராயிரம் ஆண்டு பழைய, 13 மீட்டர் உயரக் கற்கோபுரத்தின் உள்சுவர்ப் படிகளில் ஏறிப் பார்க்கலாம். கோபுரத்தின் கல்லிடுக்குகளில் கூடுகட்டும் புயல்குருவிகளைக் காண இரவுப் படகும் விடுகிறார்கள். அது விழித்திருக்கக்கூடிய பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

*நாப் முனை (லெர்விக் நகரம்).* தாத்தா பாட்டிக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் ஏற்ற கடலோரப் பாதை. வானிலை சரியில்லாத நாளின் மாற்று ஏற்பாடாகவும் இதை வைத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்தால் அருங்காட்சியகம் அதே ஊரிலேயே இருக்கிறது.

*எஷனெஸ் (வடமேற்கு).* பழைய எரிமலையைக் கடல் அறுத்துப் பிளந்த கரும்பாறைகள். காட்சிக்கு நிகரில்லை, வேலியும் இல்லை. கைப்பிடித்து நடக்கும் வயதுள்ள பிள்ளைகள் இருந்தால் காற்றில்லாத நாளில் மட்டும் போங்கள். காற்றடிக்கும் நாளில் கலங்கரை விளக்கத்தருகே காருக்குள் இருந்தே அலையைப் பாருங்கள்.

*ஹெர்மனெஸ் (அன்ஸ்ட் தீவு).* கரிச்சதுப்பின் மேல் பலகைப் பாதை வழியே போனால் கேனட் பறவைகளால் வெளுத்த பாறைகளும், அதற்கப்பால் மக்கிள் ஃப்ளக்கா கலங்கரை விளக்கமும் தெரியும். நடைக்கே மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லெர்விக்கிலிருந்து இரண்டு கார்ப்படகு மாற வேண்டும் என்பதால் ஒரு முழு நாள் வேண்டும். பத்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

பறவைகளோடு பழகும் முறை

• ஆர்ட்டிக் ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால், நீங்கள் முட்டைகளின் நடுவே நிற்கிறீர்கள். கூழாங்கல்லும் முட்டையும் ஒரே நிறம். வந்த வழியே திரும்புங்கள்.
• பாங்க்ஸி எனப்படும் பெரிய ஸ்குவா கூட்டருகே வந்தவரைத் தாக்கும். ஒரு கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து நகர்ந்துவிடுங்கள், வீசி அடிக்காதீர்கள்.
• கூட்டில் இருக்கும் ஃபுல்மாரை நெருங்கினால் நாற்றமடிக்கும் எண்ணெயைத் துப்பும். துணியில் பட்டால் துவைத்தாலும் வாடை லேசில் போகாது.
• புல்சரிவில் பாதையை விட்டு இறங்காதீர்கள். காலடியில் பஃபின் வளை இடிந்துபோகும்.
• 2022-இல் பறவைக் காய்ச்சல் இங்கே ஸ்குவாக்களையும் கேனட்களையும் வாரிக்கொண்டு போனது. செத்த பறவையையும் சோர்ந்து கிடக்கும் பறவையையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடை, உணவு, உறக்கம்

கோடைப் பகலிலும் வெப்பம் 14 பாகை செல்சியஸ் அளவில்தான். ஆளுக்கொரு கம்பளி மேலுடை, நீர்புகா மேற்சட்டையும் காற்சட்டையும், காதை மூடும் தொப்பி. குடை எதற்கும் உதவாது. செருப்பில் நடக்க முடியாது. கணுக்காலைப் பிடிக்கும் காலணி போடுங்கள். உண்ணிக் கடியைத் தவிர்க்கக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுக்குகளில் தேடிப் பாருங்கள்.

நடைபாதைகளில் கடை கிடையாது. புளிச்சோறோ ரொட்டியோ, சூடான தேநீரோ கட்டிக்கொண்டு போங்கள்.

ஜூனில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். நள்ளிரவிலும் முழு இருட்டு இல்லை. பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். கறுப்புத் துணித்திரையும் நான்கு கிளிப்பும் பெட்டியில் வையுங்கள். தூக்கம் தள்ளிப்போனாலும் அதையே சாதகமாக்கலாம்: பகலில் ஓய்வு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடை.

கிளம்பும் முன்

ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சட்டப்படி பெரும்பாலான நிலத்தில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதோடு பொறுப்பும் உண்டு: படலைத் திறந்தால் மூடுங்கள், ஆட்டுக்குட்டிகளைத் துரத்தவிடாதீர்கள். கைபேசிக்கு எல்லா இடத்திலும் சமிக்ஞை கிடைக்காது. தாள் வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிடுங்கள். கடலோர விபத்தென்றால் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள்.

இந்த வாரம் கப்பலையும் காரையும் பதிவு செய்யுங்கள். அடுத்த வாரம் மூசா படகு. புது காலணிகளை இப்போதே வாங்கி வீட்டுப் பக்கம் நடந்து பழக்குங்கள். கொப்புளம் வருவதானால் ஊரிலேயே வந்துவிட்டுப் போகட்டும்.