மைனஸ் ஏழில் பாதி எவ்வளவு?

கேள்வி: ஜாவா படித்து வருகிறேன். இரண்டால் வகுப்பதற்குப் பதில் >> 1 போட்டால் வேகமாக நடக்கும் என்றார் சீனியர் ஒருவர். 7-க்கு ஒழுங்காக 3 வந்தது. -7-க்கு மட்டும் வகுத்தால் -3, >> போட்டால் -4. எது சரி? போதாக்குறைக்கு >>> என்றும் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டும் சரிதான். -7-இல் பாதி -3.5. வகுத்தல் குறி அந்த அரையை வெட்டிவிட்டு -3 தருகிறது. >> வகுப்பதே இல்லை, பிட்டுகளை நகர்த்துகிறது, அவ்வளவுதான். எட்டு பிட்டில் எழுதிப் பாருங்கள்: -7 என்பது 11111001. வலப்பக்கம் ஓரிடம் தள்ளினால் கடைசி 1 விழுந்துவிடும். இடது ஓரத்தில் காலியாகும் இடத்தை, அங்கே ஏற்கெனவே இருந்த குறி பிட்டையே வைத்து >> நிரப்பும். கிடைப்பது 11111100, அதாவது -4.

>>> அந்த இடத்தில் எப்போதும் 0 வைக்கும். மைனஸ் காணாமல் போகும். ஜாவாவின் 32 பிட் எண்ணில் -7 >>> 1 போட்டால் 2147483644 என்று வந்து நிற்கும்!

இது யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். வரிசைப்படுத்திய பட்டியலில் தேடும் பைனரி சர்ச்சில் நடு இடத்தைக் கண்டுபிடிக்க, தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுப்போம். பட்டியல் மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை 2147483647-ஐத் தாண்டி மைனஸாகிவிடும். நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்தது. அந்த நூலக நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அந்தப் பிழையை விளக்கி எழுதினார். அவர் சொன்ன தீர்வுகளில் ஒன்று, வகுப்பதற்குப் பதில் >>> 1 போடுவது. கூட்டுத்தொகையின் 32 பிட்டும் கெடாமல்தான் இருக்கின்றன. முதல் பிட்டைக் குறியாகப் படிப்பதுதான் கோளாறு. >>> அப்படிப் படிப்பதில்லை.

பிட்டுகளை இடப்பக்கம் தள்ளும் குறி <<. அதில் மொழிக்கு மொழி வழக்கமும் மாறும். 1 << 32 ஜாவாவில் 1, பைத்தானில் 4294967296. சி மொழியில், 32 பிட் எண் என்றால், விடை இதுதான் என்று தரநிலை உறுதி தருவதில்லை.

வேகம் பற்றிச் சீனியர் சொன்னது பழைய கதை. மாறா எண்ணால் வகுப்பதை இன்றைய கம்பைலரே தேவைப்பட்டால் ஷிப்டாக (பிட் நகர்த்தலாக) மாற்றிக்கொள்ளும். வகுக்க வேண்டுமா, வகுத்தல் குறியையே போடுங்கள். நிற எண்ணிலிருந்து சிவப்பைப் பிரிப்பது போன்ற பிட் வேலைக்கு ஷிப்ட். அப்போதும் அடைப்புக்குறியை மறக்காதீர்கள்: 1 << 2 + 3 என்றால் 7 அல்ல, 32.