ஈஸ்டுகளும் அமீன் உணவும்

மாவைப் பொங்கச் செய்வதும் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுவதும் ஈஸ்டின் தொழில்கள் என்பது யாவரும் அறிந்ததே. எனினும், சர்க்கரை மட்டும் கிடைத்தால் ஈஸ்ட் பெருகிவிடாது. தன் புரதங்களை ஆக்கிக்கொள்ள அதற்கு நைட்ரஜனும் வேண்டும். காற்றில் நைட்ரஜன் நிறைந்திருந்தும் ஈஸ்டுகளால் அதனை நேரே கைக்கொள்ள இயலாது. அம்மோனியம் உப்புக்களும் அமினோ அமிலங்களும் அவை விரும்பும் உணவு. இவை கிடையாதபோது சிலவகை ஈஸ்டுகள் அமீன்களைச் சிதைத்து நைட்ரஜனைப் பெறுகின்றன. இது எங்ஙனம் நிகழ்கிறது, இதனால் ஆய்வுக்கூடத்தில் என்ன பயன் என்பவற்றை இங்குக் காண்போம்.

அம்மோனியாவிலுள்ள மூன்று ஹைட்ரஜன் அணுக்களுள் ஒன்றோ பலவோ நீங்கி, அவ்விடத்தில் கார்பன் தொகுதி அமைந்தால் அமீன் உண்டாகிறது. ஓர் அணு மட்டும் மாறியது மெத்தில் அமீன் போன்ற முதல்நிலை அமீன். மூன்றும் மாறியது மூன்றாம்நிலை அமீன். கெட்டுப்போன கடல்மீனின் வாடைக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் இவ்வகையினது.

முதல்நிலை அமீனைச் சிதைப்பது அமீன் ஆக்ஸிடேஸ் என்னும் என்ஸைம். இதில் தாமிரம் அடங்கியுள்ளது. ஆக்ஸிஜனும் நீரும் சேர, மெத்தில் அமீனிலிருந்து அம்மோனியா வெளிப்படுகிறது. அத்துடன் பார்மால்டிஹைடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் உண்டாகின்றன. இவ்விரண்டும் செல்லுக்கு நஞ்சு. ஆகவே, அமீனை உண்ணும் ஈஸ்ட், அவற்றைப் போக்கும் வழியையும் பெற்றிருத்தல் வேண்டும்.

ஒகாட்டேயா பாலிமார்பா என்னும் ஈஸ்டில் இவ்வேற்பாட்டைத் தெளிவாகக் காணலாம். முன்னர் இது ஹான்ஸெனுலா பாலிமார்பா எனப்பட்டது. இதன் அமீன் ஆக்ஸிடேஸ், பெராக்ஸிஸோம் என்னும் நுண்ணிய பைகளுக்குள் அடங்கியிருக்கிறது. காட்டலேஸ் என்ஸைமும் அங்கேயே இருந்து பெராக்ஸைடை நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடுகிறது. பார்மால்டிஹைடு பார்மிக் அமிலமாகிப் பின்னர் கார்பன் டையாக்ஸைடாக வெளியேறுகிறது. எஞ்சிய அம்மோனியா அமினோ அமிலமாக மாறிப் புரதத்தில் சேருகிறது. இங்ஙனம் மெத்தில் அமீன் இந்த ஈஸ்டுக்கு நைட்ரஜனை மட்டுமே தருகிறது. கார்பனுக்குக் குளுகோஸ் போன்ற வேறு உணவு வேண்டும்.

டிரைமெத்தில் அமீனைப் பயன்படுத்தும் ஈஸ்டுகளில், வேறு என்ஸைம்கள் மெத்தில் தொகுதிகளை ஒவ்வொன்றாக நீக்குகின்றன. இறுதியில் கிடைக்கும் மெத்தில் அமீன் மேற்கூறிய வழியிலேயே சிதைகிறது.

ரொட்டி செய்யப் பயன்படும் ஸாக்கரோமைஸிஸ் செரிவிஸியேக்கு இத்திறன் இல்லை. எத்தில் அமீனை மட்டும் நைட்ரஜன் உணவாக அளித்தால் அது வளர்வதில்லை. ஈஸ்டுகளை இனங்காணவும், ரொட்டி ஈஸ்டில் வேற்று ஈஸ்ட் கலந்துள்ளதா என அறியவும் இவ்வேறுபாடு உதவுகிறது.

சோதனைக்குக் குளுகோஸ், வைட்டமின்கள், தாது உப்புக்கள் அடங்கிய திரவத்தை மூன்று குழாய்களில் எடுத்துக்கொள்க. முதலாவதில் நைட்ரஜன் உணவு எதுவும் கூடாது. இரண்டாவதில் அம்மோனியம் சல்பேட்டைச் சேர்க்க. மூன்றாவதில் லிட்டருக்கு 0.64 கிராம் வீதம் எத்தில் அமீன் ஹைட்ரோகுளோரைடு சேர்க்க.

இங்கு மூன்று பிழைகள் நேரக்கூடும். முதலாவது, ஈஸ்ட் தன் செல்லுக்குள் சேமித்த நைட்ரஜனைக் கொண்டே சிறிது வளர்ந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு குழாயிலிருந்தும் சிறிதளவை அதேவகைப் புதுத் திரவத்துக்கு மாற்றி, இரண்டாம் வளர்ச்சியைக் கொண்டே முடிவு கூறுதல் வேண்டும். இரண்டாவது, மூன்றாம் குழாயில் அம்மோனியம் சிறிதேனும் கலந்தால், ஈஸ்ட் அதனைக் கொண்டே வளரும். அமீன் ஆக்ஸிடேஸ் உண்டாவதும் தடைப்படும். மூன்றாவது, ஆக்ஸிஜன் இன்றி இச்சிதைவு நடவாது. குழாயில் காற்றோட்டம் தேவை.

அமீன் குழாயில் கலங்கல் தோன்றி, முதற் குழாய் தெளிவாகவே இருந்தால், அத்துளியை நுண்ணோக்கியில் பார்த்துப் பாக்டீரியா இல்லையென உறுதிசெய்க. அப்போது வேற்று ஈஸ்ட் இருப்பது தெளிவாகும். ஆனால் கலங்கல் தோன்றாமை தூய்மைக்குச் சான்றாகாது. அமீனை உண்ணாத வேற்று ஈஸ்டுகளும் உண்டு. இச்சோதனை கூறுவது எது, கூறாதது எது என்பதை மாணவர் பிரித்தறியச் செய்வது ஆசிரியரின் கடமையாகும்.